பட்டியை நிறுத்தும் கயிறு தொழிலாளியின் கைக்கு எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

போர் முடிந்த பின்னர் வடக்கில் வீதிகளும் வீடுகளும் அரச கட்டடங்களும் எழுந்த வேகத்தோடு, வன்னிப் பக்கத்தில் கல்லுடைக்கும் ஆலைகளும் அரிசி ஆலைகளும் பெருகின. அவற்றில் கல்லையும் சல்லியையும் நெல் மூட்டையையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது பெரும்பாலும் கொன்வேயர் பட்டிதான். அந்தப் பட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கும் மனிதனுக்கு அதை நிறுத்தும் வழி இருக்கிறதா, அதை இயக்குபவரோடு பேசும் வழி இருக்கிறதா என்ற கேள்வி நம் பொதுவெளியில் எழுவதே இல்லை. மின் பராமரிப்பு வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில், நிலக்கீழ்ச் சுரங்கங்களில் இதற்கென உருவான கட்டுப்பாட்டு, தொடர்பாடல் முறைகளைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கும், தொழில் திணைக்களத்தின் கவனத்துக்கும் எழுத விரும்புகிறேன்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் ககட்டகஹாவிலும் பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கும், பென்சிலுக்குப் பயன்படும் காரீயத்தை எடுக்கும் சுரங்கங்களே நம் நாட்டில் நிலத்துக்குக் கீழே மனிதர் வேலை செய்யும் முக்கிய சுரங்கங்கள். அப்படியிருக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் சுரங்கப் பாதுகாப்பைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கொன்வேயர் பட்டி மனிதனுக்கு என்னென்ன செய்யும் என்பதை உலகம் சுரங்கங்களில்தான் கற்றுக்கொண்டது என்பதே என் விடை. நிலத்தின் மேல் பட்டி தீப்பிடித்தால் புகை வானத்துக்குப் போய்விடும். ஓடி விலகவும் இடம் உண்டு. நிலத்துக்குக் கீழே பட்டி ஓடுவது பல கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய வழியில். சுரங்கத்துக்குள் போகும் காற்று அந்த வழியாகவே போனால், அங்கே எழும் புகை நேரே வேலை செய்பவர்களின் மூச்சுக்குள் போகும்.

1950 செப்டெம்பர் 26 ஆந் திகதி இங்கிலாந்தின் டார்பிஷயரில் கிரெஸ்வெல் சுரங்கத்தில் நடந்தது அதுதான். ஒரு பட்டியிலிருந்து மற்றப் பட்டிக்கு நிலக்கரி விழும் இடத்தில், கிழிந்த பட்டியின் துண்டு சிக்கி உராய்ந்து சூடேறித் தீப்பற்றியது. அக்காலத்தில் பட்டிகள் இறப்பரால் ஆனவை. 80 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது எரிந்த பட்டியிலிருந்து வந்த காபனோரொட்சைட்டு வாயு. அதன் பிறகுதான் பிரித்தானியச் சுரங்கங்கள் எளிதில் தீப்பற்றாத பீ.வீ.சி. பட்டிகளுக்கு மாறின.

ஒரு பட்டி எப்படித் தீப்பற்றுகிறது என்பதை அறிந்தால், அதற்கென வைக்கப்படும் கருவிகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். பாரம் கூடியோ நனைந்தோ பட்டி நின்றுவிட, மோட்டர் இழுக்கும் உருளை தொடர்ந்து சுழன்றால், அந்த இடத்தில் இறப்பர் சில நிமிடங்களில் புகையத் தொடங்கும். ஆகவே பட்டியின் வேகத்தைத் தனியே அளக்கும் உணரி ஒன்று வேண்டும். உருளை சுழன்றும் பட்டி ஓடவில்லை என்றால் அது மோட்டரை நிறுத்த வேண்டும். பட்டி ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் அதன் விளிம்பு இரும்புச் சட்டத்தில் தேயும். ஆகவே இரு ஓரங்களிலும் சாய்வைக் கண்டுபிடிக்கும் சுவிச்சுகள். கொட்டும் இடம் அடைத்துக்கொண்டால் பொருள் குவிந்து பட்டியை இறுக்கும். ஆகவே அடைப்பைக் கண்டுபிடிக்கும் சுவிச்சு. உருளைகளைத் தாங்கும் போல்பெயரிங் தேய்ந்தால் சிவக்கச் சூடேறும். ஆகவே வெப்ப உணரி. வரிசையாகப் பல பட்டிகள் இருந்தால், முன்னால் உள்ளது நின்றதும் பின்னால் உள்ளவை எல்லாம் தாமாக நிற்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது வாசலுக்கு அண்மையில் உள்ளது முதலில் ஓட, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கித் தொடங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, காற்றில் காபனோரொட்சைட்டின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவிகள். அமெரிக்கச் சட்டத்தில் பட்டி வழியின் காற்றில் வழக்கமான அளவைவிடப் பத்து இலட்சத்தில் 10 பங்கு கூடினாலே அபாய ஒலி எழ வேண்டும். அவ்வளவு சிறிய அளவை மனித மூக்கால் அறியவே முடியாது, ஏனெனில் அந்த வாயுவுக்கு மணமில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கயிற்றுக்கு வருகிறேன். சுரங்கப் பட்டியின் பக்கமாக, மனிதர் நடக்கக்கூடிய இடமெங்கும், இடுப்பளவு உயரத்தில் பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பிக் கயிறு ஒன்று ஓடும். குறித்த தூரத்துக்கு ஒரு சுவிச்சுப் பெட்டியுடன் அது பிணைக்கப்பட்டிருக்கும். எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் இழுத்தாலும் பட்டி நிற்கும். நம் பேருந்துகளில் கூரையோரமாக ஓடும் மணிக்கயிற்றை நடத்துநர் எந்த ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றும் இழுப்பதைப் போன்றதுதான் இது. ஆனால் இந்தக் கயிறு சாரதிக்குச் செய்தி சொல்லிவிட்டு அவர் நிறுத்தும்வரை காத்திருப்பதில்லை. மின்சாரத்தைத் தானே துண்டிக்கிறது.

இதன் அமைப்பில் மூன்று விடயங்களை நான் மிகவும் மதிக்கிறேன். சுவிச்சுகளை இணைக்கும் கம்பியில் எப்போதும் ஒரு சிறு மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். கம்பியின் கடைசி முனையில் இருக்கும் பெட்டியிலிருந்து சரியான பதில் வந்துகொண்டிருக்கும்வரைதான் பட்டி ஓடும். கம்பி அறுந்தாலும், இரு கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினாலும், நீர் புகுந்தாலும் பட்டி நிற்கும். ஆகவே பழுதான பாதுகாப்பை வைத்துக்கொண்டு எவரும் அறியாமல் வேலை நடத்த முடியாது. அடுத்து, இழுபட்ட சுவிச்சு இழுபட்ட நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஒருவர் நடந்துபோய், என்ன நடந்தது என்று பார்த்துத் தன் கையால் அதை விடுவிக்க வேண்டும். அப்படி விடுவித்தவுடன் பட்டி தானாக ஓடத் தொடங்கவும் கூடாது. தொடக்கும் கட்டளை தனியே, எச்சரிக்கை ஒலிக்குப் பிறகே வர வேண்டும். அவசர நிறுத்தத்துக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 13850 இந்த விதியைத் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாவது, எத்தனையாம் இலக்கச் சுவிச்சு இழுபட்டது என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட பட்டியில் அந்த இலக்கம் தெரியாவிட்டால், உதவிக்கு ஓடுகிறவர்கள் எந்தத் திசையில் ஓடுவது என்றே அறியமாட்டார்கள்.

கயிறு நிறுத்தும், ஆனால் ஏன் நிறுத்தினேன் என்று சொல்லாது. அதற்காகத்தான் அதே கம்பி வடத்தில் ஒலிபெருக்கித் தொலைபேசிகளும் இணைக்கப்படுகின்றன. பட்டிப் பாதையில் குறித்த இடைவெளிகளில் இருக்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால், பாதை முழுவதும் அந்தக் குரல் கேட்கும். பட்டி தொடங்குமுன் சைரன் ஒலியும் அதே பெட்டிகளிலிருந்தே வரும். நிறுத்தும் வசதியும் பேசும் வசதியும் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு காலத்தில் பொருத்தப்பட்ட இரண்டு ஏற்பாடுகளாக இருந்தால் ஒன்று பழுதாகியும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றாக இருந்தால், பேச முடியாத பாதையில் பட்டி ஓடாது என்ற நிலையை உண்டாக்க முடியும். சுரங்கப் பொறியியலாளர்கள் இவ்விரண்டையும் ஒரே முறைமையாக இணைத்ததன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தொடர்பாடல் கருவிகளும் உயிர் கொடுத்தே திருத்தப்பட்டவை. பழைய சுரங்கங்களில் மின்மணியால் சைகை கொடுத்தார்கள். இரண்டு வெறுங் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டால் மணி அடிக்கும், தொடும் இடத்தில் சிறு பொறியும் பறக்கும். 1913 ஒக்டோபர் 14 ஆந் திகதி வேல்ஸில் செங்கனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களைக் கொன்ற வெடிப்புக்கு இத்தகைய சைகைக் கருவியின் பொறியே காரணமாக இருக்கலாம் என்று ஐயுறப்பட்டது. நிலக்கரியிலிருந்து கசியும் மெதேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லியூலின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த ஆற்றல் போதும். அக்கால விபத்துகளை அடுத்து வீலர், தோர்ன்டன் ஆகிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளிலிருந்துதான், கம்பி அறுந்தாலும் முட்டினாலும் எழும் பொறி வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்குச் சுற்றின் ஆற்றலையே கட்டுப்படுத்தி வைக்கும் முறை பிறந்தது. இன்று நிலக்கரிச் சுரங்கத்தின் தொலைபேசி, உணரி, இழுகயிற்றுச் சுவிச்சு எல்லாம் அந்த முறையில் செய்யப்பட்டுச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை.

கம்பியில்லாத் தொடர்பும் நிலத்துக்குக் கீழே எளிதல்ல. நம் கையிலுள்ள தொலைபேசியின் அலை பாறையை ஊடுருவாது. அதனால் வெளிக்கவசத்தில் இடைவெளிகள் விட்டுச் செய்த வடத்தைப் பாதையெங்கும் இழுத்து, அதன் நீளம் முழுவதும் வானொலி அலை சிறிதுசிறிதாகக் கசியும்படி செய்கிறார்கள். இடையிடையே அலையைப் பெருக்கும் கருவிகளும் வேண்டும். பாறையை ஊடுருவிச் செல்லவேண்டுமானால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணும் பெரிய அன்ரெனாவும் வேண்டும். அப்போதும் சிறு செய்திகளையே அனுப்ப முடியும். உலோகச் சுரங்கங்களில் இரைச்சலுக்கு மத்தியில் எல்லோரையும் எச்சரிக்க, சமையல் வாயுவில் மணத்துக்காகச் சேர்க்கும் எதைல் மெர்கப்டன் போன்ற பொருளைக் காற்றோட்டத்தில் கலந்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு. மணம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த கட்டளை.

2006 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. 2 ஆந் திகதி சாகோ சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டது. உள்ளே அகப்பட்டவர்களுக்கும் மேலே நின்றவர்களுக்கும் இடையே தொடர்பு முற்றாக அறுந்தது. தாங்கள் உயிரோடிருப்பதை அறிவிக்க அவர்கள் கூரையில் இறுக்கியிருந்த ஆணிகளில் சம்மட்டியால் அடித்தார்கள். மேலே எவருக்கும் கேட்கவில்லை. 12 பேர் இறந்தனர். இறந்தவர்கள் உயிரோடு மீண்டார்கள் என்ற தவறான செய்தி உறவினர்களுக்குப் போய், பல மணிநேரம் கழித்தே திருத்தப்பட்டது. 19 ஆந் திகதி அரக்கோமா அல்மா சுரங்கத்தில், நேராக ஓடாமல் சாய்ந்து உராய்ந்த பட்டி தீப்பற்றியது. வாயு எச்சரிக்கை வந்தும் உள்ளே நின்றவர்கள் உடனடியாக வெளியேற்றப்படவில்லை, காற்றைத் தடுக்கவேண்டிய சுவர் அகற்றப்பட்டிருந்ததால் தப்பும் வழியிலும் புகை புகுந்தது, இருவர் இறந்தனர். அவ்வாண்டு ஜூனில் நிறைவேறிய சட்டம், சுரங்கங்கள் மூன்று ஆண்டுகளுக்குள் இருவழிக் கம்பியில்லாத் தொடர்பையும் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தை அறியும் முறையையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதித்தது. அரக்கோமாவில் உணரி தன் கடமையைச் செய்தது என்பதை நம் ஆலை முதலாளிகள் மனத்தில் கொள்ள வேண்டும். எச்சரிக்கை கிடைத்தவுடன் யார் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற ஒழுங்குதான் அங்கே இல்லாமற்போனது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் ஒரு கல்லுடைக்கும் ஆலைக்கு மின்பழுது பார்க்கப் போயிருந்தேன். அதன் பெயரை எழுதவில்லை. அதைவிட மோசமானவை இருக்கின்றன. பட்டியின் அடிமுனை உருளையைச் சுற்றிச் சிந்திய சல்லியை, சாரத்தை மடித்துக் கட்டிய ஓர் இளைஞன், கழுத்தில் துவாயுடன், பட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சவளால் அள்ளிக்கொண்டிருந்தான். உருளைக்குக் காப்புவலை இல்லை. நிறுத்தும் சுவிச்சு ஜெனரேற்றர் கொட்டிலுக்குள், உடைக்கும் இயந்திரத்துக்கு அப்பால் இருந்தது. சவளின் நுனி பட்டிக்கும் உருளைக்கும் இடையில் சிக்கியபோது அவன் அதை விடாமல் இழுத்தான். கை உள்ளே போனது. பக்கத்தில் நின்றவர் கத்தினார், கையை அசைத்தார். இயக்குபவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் ஓடிப்போய் நிறுத்தியபோது காலம் கடந்துவிட்டது. அந்த இளைஞனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இழுகயிறும் அங்கே இருந்ததுதான், இயந்திரத்தோடு வந்தது. சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறது என்று அதன் சுவிச்சுகளின் முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தூணில் கட்டியிருந்தார்கள்.

கயிறு வேலை செய்திருந்தால் அந்தக் கை தப்பியிருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பட்டி வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடினால், விரல் பிடிபட்ட கணத்திலிருந்து தோள் வரை இழுபட அரை வினாடி கூட வேண்டாம். அதனால்தான் அவசர நிறுத்தம் காப்புவலைக்குப் பதிலாகாது என்று நியமங்கள் சொல்கின்றன. உருளைக்கு வலை போட்டு, கை எட்டாதபடி செய்வதே முதல் வேலை. அடுத்தது, துப்புரவும் திருத்தமும் பட்டி நின்ற பிறகே நடக்க வேண்டும். நிற்க வைப்பது என்றால் கயிற்றை இழுத்துவிட்டு உள்ளே குனிவதல்ல, பிரதான மின்சுவிச்சை அணைத்து அதில் ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பை வேலை செய்பவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதாகும். இழுகயிறு இவை இரண்டையும் தாண்டி வரும் விபத்துக்கானது. பட்டிமேல் தவறி விழுந்தவனையும், துணி சிக்கியவனையும், பாதிவரை இழுபட்டவனையும் அது காப்பாற்றும்.

சும்மா சும்மா நிற்கிறது என்ற குறை உண்மையானது; அதை நான் இகழவில்லை. தூசி புகுந்த பெட்டி, தளர்ந்து தொங்கும் கயிறு, வெயிலில் நீளும் கம்பி எல்லாம் காரணமின்றிப் பட்டியை நிறுத்தும். இலக்கம் காட்டும் முறை இருந்தால் எந்தப் பெட்டி தொல்லை தருகிறது என்று ஐந்து நிமிடத்தில் கண்டு திருத்தலாம். இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை கயிற்றின் இறுக்கத்தைப் பார்த்துப் பெட்டியைத் திறந்து துப்புரவாக்கினால் பெரும்பாலான தொல்லை தீரும். அதற்கு ஒரு மின்தொழிலாளியின் அரைநாள் வேலை போதும். எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தொலைபேசியில் எவருடனாவது பேசிப் பார்த்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்; கை சிக்கியவன் இலக்கம் அழுத்துவதும் எப்படி? சுரங்கத்துக்குரிய விலையுயர்ந்த கருவிகளை நம் சிறு ஆலைகள் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மெதேன் இல்லாத இடத்தில் அந்தச் சான்றிதழ்க் கருவிகளுக்குத் தேவையும் இல்லை. இரு பக்கமும் இழுகயிறு, தானாகப் பூட்டிக்கொள்ளும் சுவிச்சுகள், தொடங்குமுன் சில வினாடிகள் ஒலிக்கும் சைரன், அடிமுனையிலிருந்து இயக்குபவருக்குக் கேட்கும் ஒரு மணியும் கண்ணில் படும் ஒரு விளக்கும், எல்லோரும் அறிந்த சைகை ஒழுங்கு: இவை இயந்திரத்தின் விலையில் மிகச் சிறிய பங்கே.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு இட வேண்டும் என்கிறது. விபத்துகளை அறிவிக்கவும் கட்டளையிடுகிறது. கல் அகழ்வதற்கான அனுமதிப்பத்திரம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்திடமிருந்து கிடைக்கிறது. அந்த அனுமதியைப் புதுப்பிக்கும்போது, அகழிடத்தோடு சேர்ந்து இயங்கும் ஆலையின் பட்டிகளுக்கு வலையும் இழுகயிறும் முன்னெச்சரிக்கை ஒலியும் இருப்பதைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு கேட்கிறேன். நாட்கூலிக்கு வரும் இளைஞர்களின் விபத்துகள் பெரும்பாலும் வைத்தியசாலை வாசலோடு, கையில் கொடுக்கும் சிறு தொகையோடு முடிந்துவிடுகின்றன. அறிவிக்கப்படாத விபத்திலிருந்து அடுத்த ஆலை எதையும் கற்றுக்கொள்ளாது.

கற்பிக்கும் இடங்களும் நமக்கு உண்டு. யாழ்ப்பாணத் தொழினுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும், பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலும் படித்து வெளிவரும் பிள்ளைகள் மோட்டர்க் கட்டுப்பாட்டுச் சுற்றை நன்றாக வரைகிறார்கள். ஆனால் கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்கும்படி சுற்றை அமைப்பதற்கும், கம்பி அறுந்தாலும் ஓடும்படி அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, உண்மையான ஒரு பட்டியில், தங்கள் கையால் கம்பியைத் துண்டித்துப் பார்த்து அறிந்தவர்கள் குறைவு. பயிற்சிக்கூடத்தில் பத்து மீற்றர் நீளப் பட்டி ஒன்றும், அதற்கு இழுகயிறு, வேக உணரி, சைரன், பேசும் பெட்டி ஆகியவையும் அமைத்தால், அது பல ஆண்டுகளுக்குப் பயன்படும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இலிருந்து 1990 இல் போரால் மூடப்படும்வரை ஒரு தலைமுறைக்கே கனரக இயந்திர வேலையைப் பழக்கியது. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் பலர் இன்னும் வலிகாமத்தில் இருக்கிறார்கள். அழைத்தால் இந்தப் பாடத்தை நடத்த வருவார்கள்.

பரிசோதனைக்கு வரும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலக அறையில் தேநீரும் பதிவேடும் வருமுன், நேரே பட்டியின் அடிமுனைக்கு நடந்துபோய், அது பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு சுவிச்சை விடுவித்துவிட்டு, பட்டி தானாகத் தொடங்குகிறதா, சைரன் ஒலிக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆலைக்கு அனுமதி நீடிக்கலாமா என்பதை அங்கேயே எழுதலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்பராமரிப்பு மேற்பார்வையாளர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.